மின்விசிறிக்குச் சுவரில் ரெகுலேட்டர் வேண்டுமா, ரிமோட் போதுமா?

வைகைக்கரை:
மதுரையில் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது எல்லா அறைகளிலும் பி.எல்.டி.சி. எனப்படும், மின்சாரம் குறைவாக எடுக்கும் விசிறிகளை மாட்டினோம். அவற்றில் பெரும்பாலானவற்றைச் சாதாரண ரெகுலேட்டரோடு இணைக்கக் கூடாது. ஆகவே பழைய ரெகுலேட்டர்களைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்துவிட்டார்கள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இனி ரிமோட் மட்டும்தான்.

இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். வீட்டில் உள்ள எல்லோரும் பயன்படுத்தும் ஒரு பொருளின் கட்டுப்பாடு ஓரிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். இருட்டிலும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மார்கழி விடியலில் குளிரெடுத்தால் என் தாயார் எழுந்து, சுவரைத் தடவி, இரண்டு புள்ளி குறைத்துவிட்டுப் படுப்பார். விளக்கும் வேண்டாம், மூக்குக்கண்ணாடியும் வேண்டாம். இப்போது ரிமோட் தலையணைக்கு அடியில் கிடக்கிறதா, பேரன் கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டானா என்று தெரியாமல் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். கேட்டால், "தூங்குகிறவர்களை எதற்கு எழுப்புவது?" என்கிறார். ஒரு குடும்பம் சேர்ந்து வாழும் அறையைத் தனி மனிதர் தங்கும் விடுதி அறையாக எண்ணி வடிவமைத்ததன் விளைவு இது.

கணக்குப்பிள்ளை:
ஐயா, உங்கள் தாயாரின் சிரமம் புரிகிறது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். சாதாரண விசிறி முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். நான்கு விசிறிக்கு 160. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. அடுக்கே மாறி முந்தைய யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் ஏறிவிடும். நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த 160 யூனிட் சிறிய விஷயமல்ல. மின்தடையின்போது இன்வெர்ட்டரும் கூடுதல் நேரம் தாங்கும்.

ரிமோட்டை வைப்பதற்குச் சுவரில் ஒரு தாங்கி அடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வைகைக்கரை:
மிச்சமாவது எதனால் என்று பாருங்கள். சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது, அதை ஒரு மின்னணுச் சுற்று இயக்குகிறது; அதனால் மின்சாரம் வீணாவது குறைகிறது. அந்த மிச்சத்தில் ரிமோட்டுக்குப் பங்கே இல்லை. மோட்டாரை மாற்றியதற்காக எங்கள் சுவரில் இருந்த குமிழை ஏன் பறிக்க வேண்டும்?

தாங்கியும் அடித்துப் பார்த்தாயிற்று. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் குடும்பத்துக்கு மட்டுமே அது உதவும்.

கட்டிலோரம்:
வைகைக்கரை ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. சுவரில் ரெகுலேட்டர் இருந்த காலத்தில் வேர்த்தாலும் குளிர்ந்தாலும் எங்களில் ஒருவரை அழைத்தாக வேண்டும். அழைக்கத் தயங்கி, வேர்வையில் நனைந்தபடியே கிடந்த இரவுகள் உண்டு. ரிமோட் விசிறி வந்தபின் இடக்கையால் அவரே வேகத்தை மாற்றிக்கொள்கிறார். நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்கும் மனிதருக்குத் தன் விருப்பப்படி செய்துகொள்ள ஒன்றாவது இருக்கிறது. நீங்கள் பறிபோனதாகச் சொல்லும் குமிழ் அவர் கைக்கு எட்டியதே இல்லை.

வைகைக்கரை:
சகோதரி, உங்கள் அப்பாவுக்கு ரிமோட் அவசியம். அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. நான் எதிர்ப்பது 'மட்டும்' என்பதைத்தான். சுவரிலும் இருக்கட்டும், கையிலும் இருக்கட்டும்.

விரல்நுனி:
எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். விசிறி ரிமோட்டிலாவது அழுத்துவதற்குப் பொத்தான்கள் இருக்கின்றன, பழகிக்கொள்ளலாம். எனக்குத் தடையாக இருப்பது வழவழப்பான கண்ணாடிப் பலகை கொண்ட இண்டக்‌ஷன் அடுப்பு. எங்கே 'கூட்டு', எங்கே 'குறை' என்று விரலுக்குத் தெரிய வழியே இல்லை. தேடும்போது விரல் பட்டாலே ஏதோ ஒன்று இயங்கிவிடும். தேடுவதற்கும் அழுத்துவதற்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. பிசின் புள்ளிகளை ஒட்டிவைத்தேன், சூட்டிலும் துடைப்பதிலும் உரிந்துவிட்டன. திருகும் குமிழ் கொண்ட எரிவாயு அடுப்பில் எனக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை.

குரல் கட்டளைக் கருவிகளை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன், ஆகவே என்னைத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் இணையம் நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது.

கணக்குப்பிள்ளை:
பார்வையற்றவர்களுக்கான தேவை தனியானது, அதை முழுமையாக ஏற்கிறேன். மற்றவர்கள் விஷயத்தில் இது பழக்கம்தான். கைபேசி வந்தபோதும் 'பெரியவர்களால் முடியாது' என்றார்கள். இன்று என் மாமியார் வீடியோ அழைப்பில் துபாயில் இருக்கும் பேத்தியோடு பேசுகிறார். பழகக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

நெடுஞ்சாலை:
பழக்கத்தால் எல்லாம் சரியாகாது என்பதற்குக் கார்கள் சான்று. 2022இல் ஸ்வீடனின் வி பிலேகரே என்ற கார் இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கைச் சூடு, வானொலி போன்ற நான்கு வேலைகளை முடிக்க வேண்டும். பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வால்வோ வி70இல் அதற்கு 10 நொடி ஆனது. தொடுதிரைக் கார்களில் மிக மோசமானதில் ஏறக்குறைய 45 நொடி. கவனியுங்கள், சோதனைக்கு முன் ஓட்டுநர்களுக்குத் திரையோடு பழக நேரம் கொடுத்திருந்தார்கள்! கார்ப் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 விதிகளில் சைகை விளக்கு, ஹாரன், வைப்பர் முதலியவற்றுக்குத் தனிப் பொத்தான்களை எதிர்பார்க்கிறது.

கணக்குப்பிள்ளை:
காரில் கண் சாலையில் இருக்க வேண்டும். படுக்கையறையில் யாரும் விபத்தில் சிக்கப்போவதில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லை.

விரல்நுனி:
இரவில் ரிமோட்டைத் தேடி எழும் முதியவர் கால் இடறி விழுந்தால் அதுவும் விபத்துதான், நண்பரே.

மின்பணியாளர்_திருச்சி:
தினமும் விசிறி மாட்டுகிறவன் என்ற முறையில் சில செய்திகள். ஒரே கூடத்தில் ஒரே நிறுவனத்தின் இரண்டு விசிறிகள் இருந்தால், அகச்சிவப்பு ரிமோட் பல நேரங்களில் இரண்டின் வேகத்தையும் சேர்த்தே மாற்றும். என்னிடம் வரும் புகார்களில் இதுவே அதிகம். சில வகைகளில் சுவர் ஸ்விட்சை அணைத்து உடனே போட்டால் வேகம் மாறும்; வாங்கும்போது கடைக்காரர் சொல்வதில்லை, பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். ரெகுலேட்டருடன் இணைக்கத்தக்க பி.எல்.டி.சி. விசிறிகளும் கிடைக்கின்றன. கேட்டு வாங்குங்கள், அதில் எந்த ரெகுலேட்டரைப் பொருத்தலாம் என்பதையும் கேளுங்கள். மற்ற வகைகளில் ரெகுலேட்டரை மாட்டி ஓட்டினால் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை பழுதாகலாம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் 'இப்போதெல்லாம் ரிமோட்தானே' என்று ஸ்விட்ச் பலகையில் ரெகுலேட்டருக்கான இடமே வேண்டாம் என்கிறார்கள். தயவுசெய்து அந்த இடத்தை வையுங்கள். பிறகு வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

வைகைக்கரை:
நன்றி அண்ணா. ரெகுலேட்டரோடு இயங்கும் வகை இருக்கிறது என்று எங்கள் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து மாற்றும் விசிறி அதுதான்.

கணக்குப்பிள்ளை:
விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாகக் கொடுப்பது எத்தனை மாதத்தில் திரும்பும் என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். என் நிலை மாறவில்லை.

கட்டிலோரம்:
அண்ணா சொன்ன வகையில் ரிமோட்டும் சேர்ந்து வருமா, அல்லது ரெகுலேட்டர் மட்டும்தானா? அப்பாவின் அறைக்கு இரண்டும் வேண்டும். இரவில் நான் உள்ளே வரும்போது, தூங்கும் அவர் கையிலிருந்து ரிமோட்டை உருவாமல் வேகத்தைக் குறைக்க எனக்கு ஒரு வழி வேண்டும்.

மின்பணியாளர்_திருச்சி:
இரண்டும் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், அம்மா. எல்லா வகையிலும் சேர்ந்து வராது. கடையிலேயே மின்சாரத்தில் இணைத்து இரண்டாலும் வேகத்தை மாற்றிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.