நாலு ரேடியோ நோடுக்கும் (சின்ன சென்சார் டப்பா) கிளாக்ல ஒரே நேரம் வர மாட்டேங்குது, யாராச்சும் சொல்லுங்க

வணக்கம் அண்ணே, அக்காமாரே. பண்டாரவளை பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். 2014ல மீரியபெத்தயில மண்சரிவு வந்ததுல இருந்து எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) மேல உள்ள மலைய பாத்தாலே பயம், அதனால ஈஎஸ்பி32வும் (சின்ன கன்ட்ரோலர் சிப்) யூடபிள்யூபி ரேடியோவும் (அகல அலைவரிசை, தூரம் அளக்க உதவும்) வச்சு நாலு நோடு செஞ்சு மேல நட்டிருக்கேன், டேட்டா அனுப்புற அதே சிக்னல வச்சே நடுவுல உள்ள தூரத்தையும் அளக்கணும், மண்ணு நகர்ந்தா தூரம் மாறும்ல.

பிரச்சின கிளாக்தான். கிளாக்க ஓட்டுற கிறிஸ்டல் 10 பிபிஎம் (பத்து லட்சத்துல 10 பங்கு) தள்ளி ஓடுனாலே ஒரு செக்கனுக்கு 10 மைக்ரோசெக்கன் விலகிருது, ரேடியோ அலை 1 நானோசெக்கன்லயே 30 சென்டிமீட்டர் போயிரும், கணக்கு போட்டா 3 கிலோமீட்டர் பிழை! எங்க மலையே அவ்வளவு இல்ல.

சரின்னு டூ-வே ரேஞ்சிங் (சிக்னல் போயி பதில் திரும்பி வர்ற நேரத்த வச்சு தூரம் அளக்குறது) போட்டேன். ரெண்டு கிளாக்குக்கும் நடுவுல உள்ள ஆஃப்செட் (நேர வித்தியாசம்) ஓரளவு போயிருச்சு, ஆனா பதில் வர 1 மில்லிசெக்கன் ஆனாலே அதே 10 பிபிஎம்முக்கு 1.5 மீட்டர் தப்பு காட்டுது. காலையில பனி மூட்டத்துல ஒரு ரீடிங், பத்து மணி வெயில்ல டப்பா சூடானதும் வேற ரீடிங். (டப்பான்னா பழைய பால்மா டின்தான், சிரிக்காதீங்க. ஆன்டெனா மட்டும் வெளிய.)

டபுள்-சைடட் முறைக்கு (ரெண்டு நோடும் போய் வர்ற நேரத்த அளக்குறது) மாறுனா போதுமா, இல்ல டிசிஎக்ஸ்ஓ (சூட்டுக்கு ஏத்த மாதிரி தன்னையே திருத்திக்கிற கிறிஸ்டல்) வாங்கித்தான் ஆகணுமா? ஜிபிஎஸ் பிபிஎஸ் (செக்கனுக்கு ஒருக்கா வர்ற நேர பல்ஸ்) யோசிச்சேன், நிழல் மரத்துக்கு கீழ சட்டலைட் ஒழுங்கா பிடிக்குதில்ல, பேட்டரியும் தின்னுது. ஒரு நோட மாஸ்டரா வச்சு பீக்கன் (நேரம் சொல்ற சிக்னல்) அனுப்பி மத்த நோடோட கிளாக் டிரிஃப்ட்ட (கொஞ்சம் கொஞ்சமா விலகுறத) திருத்துன ஆளுங்க இருந்தா, எத்தன செக்கனுக்கு ஒருக்கா அனுப்புனீங்கன்னு மட்டும் சொல்லுங்க, மழைக்கு முந்தி முடிக்கணும்.