'டெஸ்குவாமேட்டிவ் ஜிஞ்சிவைட்டிஸ்': ஈறுரிவு என்றால் போதாதா?

ஈறின் மேல்படலம் சிவந்து உரியும் நிலைக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர். இதற்குத் தமிழில் 'ஈறுரிவு' என்று நான் சொன்னதற்கு வந்த மறுமொழிகளும் என் பதில்களும் இவை.

> 'உரிதல் ஈறழற்சி' என்று வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா, நோய்க்குத்தான் பொருந்தவில்லை. என் தயக்கமெல்லாம் 'அழற்சி' மேல். ஈறழற்சி என்றதும் பற்படலம், காரை, 'நன்றாகத் தேயுங்கள்' என்ற அறிவுரை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்துவிடும். இங்கே கதை வேறு. பெம்ஃபிகஸ், பெம்ஃபிகாய்டு போன்ற தன்னுடல் தாக்குநோய்களில் கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் நம் திசுவையே தாக்குகின்றன. முன்னதில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பிடி விட்டுப்போகிறது. பின்னதில் மேல்படலம் அடித்தளத்திலிருந்தே கழல்கிறது. தோலிலும் வாயிலும் வரும் லைக்கன் பிளானஸ் என்ற நோயிலும் ஈறு இதே கோலம்தான். செக்கச்செவேலென்று சிவந்து, பஞ்சால் லேசாக ஒற்றினாலே பாம்புச் சட்டைபோல் உரிந்து வரும். இந்த நோயாளியைப் போய் அழுத்தித் தேய்க்கச் சொன்னால் வலிக்குப் பயந்து பிரஷ்ஷையே தொடமாட்டார். பிறகு காரை சேர்ந்து, அசல் ஈறழற்சியும் மேலே ஏறிக்கொள்ளும்.

அந்த ஆங்கிலப் பெயரை 1932-இல் பிரின்ஸ் வைத்தார். 1960-இல் மெக்கார்த்தி குழுவினர், இது தனி நோயல்ல, பல நோய்கள் ஈறுகளில் காட்டும் ஒரே முகம் என்றார்கள். ஆக, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லும் பெயர் போதும்: ஈறுரிவு. எந்த நோயால் உரிகிறது என்பதைத் திசுச் சோதனை சொல்லட்டும். (அதற்கும் புண்ணிலிருந்தே எடுத்தால் பயனில்லை, மேல்படலம் அங்கே போயிருக்கும். பக்கத்தில் உரியாத இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.) மென்மையான பிரஷ், பார்த்துப் பார்த்துக் காரை நீக்குதல், ஈறில் பூசும் ஸ்டீராய்டு என்று மருத்துவமும் தனி வழியில் போகிறது.

முடக்குவாதக்காரர்களுக்கு எலும்பு கரைந்து பல் ஆடுவதையும் இதில் சேர்க்கச் சொன்னார் ஒருவர். வேண்டாம். அது பற்சூழ் அழற்சி. அங்கே 'அழற்சி' சரியாக உட்கார்கிறது, வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. பல்லுக்காக, முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை நோயாளி தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் விளக்கக் குறிப்பில் போட்டுவிடுவோம்.

> ஆறு + நீர் ஆற்றுநீர் ஆவதுபோல, ஈற்றுரிவு என்றல்லவா வர வேண்டும்?

வரலாம். ஆனால் ஈற்றடி, ஈற்றெழுத்து, தலையீற்றுப் பசு என்று பழகிய கண்ணுக்கு 'ஈற்றுரிவு' பல்லின் ஈறாகவே தெரியாது. நன்னூலாரும் 'டற ஒற்று இரட்டும்' (ட், ற் இரட்டிக்கும்) என்று சொல்லிவிட்டு 'மிகவே' (பெரும்பாலும்) என்று கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்.

ஈறுக்குப் பதில் 'எயிறு' என்று வைக்கலாமே என்ற யோசனை பற்றி: குறளின் 'வாலெயிறு' வெண்பல். பல்லைக் குறிக்கும் சொல்லை ஈறுக்கு வைத்தால் நமக்கு நாமே குழி வெட்டிக்கொள்வதாகும்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. 'ஈறுரிவு' என்று வேகமாகச் சொல்லிப் பார்த்தேன், தலையில் ஈர் உரிவது போலக் காதில் விழுகிறது. 'ஈறு உரிவு' என்று இடம் விட்டே எழுதிவிடலாமா?