மறு: அட்ரோப்பினைசேஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பூச்சிமருந்து குடித்தவருக்கு, அட்ரோப்பின் என்ற மருந்தை வேண்டிய அளவு எட்டும்வரை ஏற்றுவதுதான் அட்ரோப்பினைசேஷன். அதற்குக் குழுவில் வந்த பரிந்துரைகளில் 'அட்ரோப்பினேற்றம்' வேண்டாம். ஆக்சிஜனேற்றம், குளோரினேற்றம் என்று படித்தவர்கள் இதையும் ஒரு வேதிவினை என்றே எடுத்துக்கொள்வார்கள். நடப்பது வேறு. பூச்சிமருந்திலுள்ள ஆர்கனோபாஸ்பரஸ், நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. தேங்கிய அசிட்டைல்கோலினோடு போட்டியிட்டு, சுரப்பிகளிலும் இதயத்திலும் அந்தச் செய்தியை வாங்கும் மஸ்கரினிக் ஏற்பிகளில் அட்ரோப்பின் இடம்பிடிக்கிறது. அவ்வளவுதான். நொதியை அது மீட்பதில்லை. தசைத் தளர்ச்சியும் அதனால் தீராது. எனவே 'நஞ்சறுப்பு' என்ற பரிந்துரையும் மிகையான வாக்குறுதி.

நான் வடசென்னையில் செவிலியர். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்தெல்லாம் "வாயில் நுரை தள்ளுகிறது" என்று பூச்சிமருந்து குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 0.6 மில்லிகிராம் அட்ரோப்பின் ஆம்பியூல்களை வரிசையாக உடைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவோம். கண்மணி விரிந்ததை மட்டும் நம்பி நிறுத்த முடியாது. நெஞ்சில் களகளப்பு அடங்க வேண்டும், நாடித்துடிப்பு 80-ஐத் தாண்ட வேண்டும், அக்குளில் விரல் வைத்தால் ஈரம் தட்டக் கூடாது. எல்லாம் கூடிவந்ததும் மருத்துவர் "போதும்" என்பார். அதையே சொல்லாக்கினால் என்ன? 'அட்ரோப்பின் போதுமை'.

எல்லை தாண்டினால் 'அட்ரோப்பின் மிகை': காய்ச்சல், பிதற்றல், காற்றில் எதையோ பிடுங்கும் கைகள், சிறுநீர்க் கட்டு, குடலில் ஒலியே இல்லாத வயிறு. கொருக்குப்பேட்டைத் தண்டவாள ஓரத்து ஊமத்தங்காயைத் தின்றவருக்கும் இதே கோலம்தான். ஊமத்தையிலுள்ள ஹயோசயமின், தன் ஆடிப்பிம்ப வடிவத்தோடு சரிபாதியாகக் கலந்தால் அதுதான் அட்ரோப்பின்.

அட்ரோப்பின் மூலக்கூறின் சட்டகமான ட்ரோப்பேனைப் 'பாலவளையம்' என்று பெயர்த்த ஐயாவுக்கு: நைட்ரஜன் பாலம் போட்ட ஏழணு வளையம் என்பது சரிதான். ஆனால் நாம் கொளுத்தும் கற்பூரத்திலும் பாலமிட்ட வளையம் உண்டே! ட்ரோப்பேன் ட்ரோப்பேனாகவே இருக்கட்டும்.

* * *

அம்மா, வணக்கம்.

'போதுமை' நாவில் நிற்கிறது. ஆனால் குறிப்பேட்டில் 'போதுமை' என்று கண்டதும், இரவுப்பணிக்கு வருபவர் மருந்தையே நிறுத்திவிட்டால்? அதுவரை ஏற்றிய மொத்த அளவில் 10 முதல் 20 விழுக்காட்டை மணிதோறும் சொட்டாகத் தொடர வேண்டுமே. 'போதுமைநிலை' என்று வைத்தால், "போதுமைநிலை குலையாமல் பார்க்கவும்" என்று எழுத வாகாக இருக்கும். 'மிகை'க்கு மறுப்பில்லை.