வீட்டுக் குழுவில் ஒரு காலை: தங்கூசியில் சிக்கிய கடல்காக்கா

தம்பி, 7:08
அக்கா, பாம்பன் கரையில ஒரு கடல்காக்கா தங்கூசியில, அதான் மீன் புடிக்கிற நைலான் நரம்புல, சிக்கிக் கெடக்கு. ரெக்கையும் காலும் சேந்து சுத்திருக்கு. அலகோரமா தூண்டில் முள்ளு ஏறிருக்கு. புடுங்கிரவா?

அக்கா, 7:09
இழுக்காத! தசையக் கிழிச்சிட்டுத்தான் வரும். மொதல்ல கைலியத் தலையோட போட்டு மூடு, கண்ணு மறைஞ்சா அடங்கிரும். நெஞ்ச அமுக்காத. நெஞ்செலும்பு அசைஞ்சாத்தான் அதுக்கு மூச்சு.

மாமா, 7:11
முள்ளு முனை வெளிய வந்திருக்கா மாப்ள? வந்திருந்தா பிளேயரால முனைய நறுக்கிட்டு மிச்சத்த வந்த வழியே உருவு. நம்ம கையில ஏறுனா அப்படித்தான எடுப்போம்.

அக்கா, 7:12
மாமா சொல்றது சரி. வாய்க்குள்ளயும் நரம்பு போகுதான்னு பாரு தம்பி. போனா இன்னொரு முள்ள முழுங்கிருக்கும். அப்ப நரம்ப இழுக்காம ஒரு சாண் விட்டு வெட்டு. டாக்டர் அதப் புடிச்சித்தான் முள்ளத் தேடுவாங்க.

தம்பி, 7:24
உள்ள ஒண்ணும் இல்ல. முள்ள எடுத்தாச்சு, தங்கூசியையும் பூரா வெட்டியாச்சு. ரெக்கைய நல்லா அடிக்குது. விட்ரவா?

அம்மா, 7:25
விட்ருய்யா, பாவம்.

அக்கா, 7:28
வேணாம்மா, இங்கதான் எல்லாரும் விட்டுர்றாங்க. தங்கூசி இறுக்குன எடத்துல ரத்த ஓட்டம் நின்னிருக்கும். இப்ப நல்லாத் தெரியுற தோலு ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் கறுத்து அழுகும். ரெக்கையோட முன்பக்கச் சவ்வு அறுந்திருந்தா கொஞ்ச தூரம் பறந்து கடல்ல விழுந்துரும். இறகு கலைஞ்சிருந்தா தண்ணி உள்ள எறங்கி வெறச்சே செத்துரும். நாம காப்பாத்திட்டோம்னு சந்தோசமா வீட்டுக்கு வந்துருவோம். அது நம்ம கண்ணுக்குத் தெரியாமச் சாகும். எனக்கு இதத் தாங்கவே முடியல.

பெரியப்பா, 7:31
தம்பி போட்ட படத்துல தலை வெள்ளையா, கண்ணுக்குப் பின்னாடி கருப்புப் புள்ளியா இருக்கே. பழுப்புத்தலைக் கடற்காகம். தலை பழுப்பாகுறது முட்டையிடுற காலத்துலதான். லடாக், திபெத் ஏரிகள்ல குஞ்சு பொரிச்சிட்டு குளிருக்கு இங்க வருது. ஏப்ரல் வாக்குல திரும்பிப் போகணும்.

அக்கா, 7:33
அதான் பெரியப்பா. அவ்வளவு தூரம் போற ரெக்கை, சும்மா அடிச்சாப் பத்தாது. பெரிய கூண்டுல பறக்கவிட்டு, தண்ணியில மெதக்கவிட்டு, இறகு நனையலன்னு பாத்தப்புறந்தான் விடணும்.
தம்பி, அட்டைப் பெட்டியில ஓட்டை போட்டு, துணி விரிச்சு இருட்டுல வையி. வாயில தண்ணி ஊத்தாத. நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழாய் வாய் இருக்கு, நுரையீரலுக்குப் போயிரும். வனத்துறைக்கு உடனே சொல்லு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாம வீட்டுல வச்சு வளக்கக் கூடாது.

தம்பி, 7:40
சொல்லிட்டேன். வண்டி வருதாம்.

மாமா, 7:44
அந்தத் தங்கூசி நம்ம ஆளுங்க அத்துப் போட்டதுதான். அறுந்த நரம்ப மணல்ல வீசாம சாக்குல சேக்கச் சொல்லி இன்னைக்கே சங்கத்துல பேசுறேன். ஏலக்கூடத்துல ஒரு சாக்கு கட்டி வைக்கிறேன்.

அக்கா, 7:46
நல்லது மாமா. தம்பி, வெட்டுன முள்ளையும் ஒரு கவர்ல போட்டுப் பெட்டியோட குடுத்துவிடு. எந்தக் கால், எந்த ரெக்கை இறுகி இருந்துச்சுன்னு பெட்டி மேல எழுது. கையில கொத்திருந்தா சோப்புப் போட்டுக் கழுவு.