யூகேஜி பொண்ணுக்கு அடிக்கடி வயித்து வலி, பயந்த சுபாவத்தால வருமா?

நிலாஅம்மா: கொஞ்ச மாசமாவே காலைல எழுந்ததும் தொப்புளைச் சுத்தி வலிக்குதுன்னு அழறா. ஸ்கேன், யூரின், மோஷன் டெஸ்ட் எல்லாம் நார்மல், பூச்சி மருந்தும் குடுத்தாச்சு. மாமியார் இது குடலேத்தம், தட்டி விட்டுட்டு வாங்கன்னு சொல்றாங்க, வீட்டுக்காரர் ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாங்கறார். ரொம்ப கூச்சம், யாராச்சும் புதுசா வந்தா என் ஷாலுக்குள்ள பூந்துக்குவா. அதுக்கும் வலிக்கும் சம்பந்தம் இருக்குமா?

வார்டுநர்ஸ்: நடிப்பு இல்லம்மா, வலி நிஜம். குடலுக்குன்னே தனியா நரம்பு வலை இருக்கு, மூளையோட சதா பேசிட்டே இருக்கும், பயந்த பிள்ளைங்களுக்கு சாதாரண அசைவு கூட வலியா தெரியலாம். அதுக்காக சுபாவம்தான் காரணம்னு முடிவு கட்டிடாதீங்க, ரெண்டும் சேர்ந்து வரும் அவ்ளோதான். 1958லயே இங்கிலாந்துல ஆப்லினு ஒரு டாக்டர் 1000 ஸ்கூல் பசங்கள பாத்ததுல பத்துல ஒருத்தருக்கு இப்படி வந்து வந்து போற வலி இருந்துச்சு. வலி தொப்புளை விட்டு எவ்ளோ தள்ளியிருக்கோ அவ்ளோ கவனமா பாக்கணும்னும் சொன்னார். எடை குறையுது, தூக்கத்துல வலியில எழுந்துக்கறா, மோஷன்ல ரத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, காய்ச்சல்னா உடனே டாக்டர்கிட்ட போங்க. தட்டறதெல்லாம் வேண்டவே வேண்டாம். அப்புறம் ஸ்கூல்ல டாய்லெட் போறாளா, அடக்கறாளா கேளுங்க, நிறைய கேஸ்ல மலச்சிக்கல்தான் மாட்டும்.

கோவை_அப்பா: எங்க பையனும் இதே டைப் தான், லீவு நாள்ல வலியே இருக்காது, அதுக்காக பொய்னு அர்த்தம் இல்ல. நாங்க "வலிக்குதா வலிக்குதா"ன்னு கேக்கறத விட்டோம். வலிக்குதுன்னா சரி தங்கம்னு ஒரு தடவ தடவிக் குடுத்துட்டு வேற பேச்சுக்குப் போயிடறது. 2006ல அமெரிக்காவுல இதையே ஆராய்ச்சியா பண்ணாங்க, பெத்தவங்க வலியையே கேட்டுட்டு இருந்தா புலம்பல் கூடுது, பேச்சை மாத்தினா குறையுது. ஸ்கூலுக்கு மட்டும் அனுப்பிருங்க, வீட்ல வச்சா அடுத்த நாள் இன்னும் கஷ்டம்.

மதுரைக்காரி: எல்லாத்தையும் மனசு மனசுன்னு தள்ளாதீங்கப்பா!! என் பிள்ளைக்கு காலைல குடிக்கிற பாலுதான் ஒத்துக்கல, எத்தனையோ பேர் டென்ஷன்னு சொல்லி அனுப்பினாங்க.

வார்டுநர்ஸ்: அதுவும் சரிதான் சிஸ். டாக்டர்கிட்ட சொல்லிட்டு ரெண்டு வாரம் பாலை நிறுத்திப் பாக்கலாம், வித்தியாசம் இல்லனா மறுபடி குடுக்கணும், சும்மா சும்மா ஒவ்வொரு சாப்பாடா நிறுத்திட்டே போகாதீங்க.

நிலாஅம்மா: தேங்க்ஸ் எல்லாருக்கும். டாய்லெட் பத்தி கேட்டேன், கதவு தாழ்ப்பாள் இல்லயாம், போகவே மாட்டாளாம். நாளைக்கு மிஸ்கிட்ட பேசறேன்.