துரை பெட்டியில் கிடந்த ரீல்: பழைய ஃப்ளை ரீலைப் பழுது பார்த்தவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்க

விக்கிரமசிங்கபுரத்துக்காரன்:

2024-ல் பெரியப்பா மாஞ்சோலை மலையில் ஊத்து எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்கினார். பரணில் கிடந்த தகரப் பெட்டி ஒன்று என் பங்குக்கு வந்தது. எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் துரை பங்களாவில் பட்லர். துரை கப்பல் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போன சில்லறைச் சாமான்கள்தான் பெட்டி நிறைய. அதில் ஒரு கம்பளி மஃப்ளருக்குள் சுருட்டி வைத்திருந்தது இந்த ஃப்ளை ரீல், அதாவது பூச்சி மாதிரி கட்டின பொய் இரையை வீசி மீன் பிடிக்கிற தூண்டில் கம்பில் மாட்டி நூல் சுற்றுகிற சாமான். என் மகன் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, தையல் மிஷின் பாபினா?" என்றான்.

ஹார்டி கம்பெனியின் யூனிக்வா. 1872-ல் இங்கிலாந்தின் வடகோடியில் தொடங்கின கம்பெனி அது. ஊர் பெயரை அல்ன்விக் என்று எழுதி ஆனிக் என்று வாசிக்க வேண்டுமாம். அம்பாசமுத்திரத்தை அம்பை ஆக்கின நாம் இதற்கெல்லாம் அசரக்கூடாது. இதை வைத்து இந்த மலையில் துரை என்ன மீன் பிடித்தார் என்று எனக்குக் குழப்பம். இந்த ரீலுக்கான ட்ரவுட் என்ற குளிர்தண்ணீர் மீன் இங்கே கிடையாது. நீலகிரியில்தான் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க இடம் கட்டி வளர்த்தார்கள். பெரியப்பாவிடம் கேட்டேன். "லீவுக்கு ஊட்டிக்குப் போகும்போது எடுத்துட்டுப் போவாருன்னு ஐயா சொல்லுவாருல" என்றார். சரி.

சுற்றினால் சுற்றியது, சத்தம்தான் இல்லை. ஃப்ளை ரீலைத் திறந்து பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், உள்ளே பெரிய யந்திரம் எதுவும் கிடையாது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால், நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலும் ஒரு சுற்று. ஸ்பூலின் முதுகில் ஒரு பல் சக்கரம், சட்டத்தில் முக்கோணமாக ஒரு சின்ன நாக்கு, நாக்கை அழுத்திப் பிடிக்க ஒரு வில். பல் ஒவ்வொன்றும் நாக்கைத் தாண்டும்போது டிக் டிக் என்று கேட்கும். மீன் வெட்டி இழுக்கிறபோது ஸ்பூல் தறிகெட்டு ஓடி, நூல் குருவிக்கூடு ஆகாமல் காப்பது அந்தத் தடைதான். என்னுடையதில் வில் இரண்டாக ஒடிந்து கிடந்தது. நாக்கின் முனையும் தேய்ந்து மழுங்கிவிட்டது. பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருந்தது.

ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். கிரீஸ் விட்டது. துடைத்துத் திண்ணையில் காயவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால், அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "பித்தள களிம்பேறிக் கெடக்கேல, வெளக்கி வச்சேன்" என்கிறாள். எத்தனையோ வருடம் கறுத்துப் போயிருந்த, ரீலைக் கம்பில் பொருத்துகிற பித்தளைப் பாதம் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பழைய ரீல் சேர்க்கிறவர்கள் அந்தக் கறுப்புக்குத்தான் காசு கொடுப்பார்கள். அம்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா? நல்ல வேளை, உடம்பு அலுமினியம் என்பதால் கருஞ்சாம்பல் பூச்சில் அவள் கை வைக்கவில்லை.

அப்புறம் வில். வெளிநாட்டில் பழைய தூண்டில் சாமான் விற்கிறவர்களிடம் கிடைக்கும். ஆனால் கால் பவுன் கனம்கூட இல்லாத வில்லுக்குத் தபால் செலவும் சுங்கமும் சேர்த்தால் வயிறு எரியும். டவுனில் ரத வீதிப் பக்கம் கடிகாரம் பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "இத எங்க வே புடிச்சீரு? கடிகாரமும் இல்ல, கடிகாரம் மாதிரி சத்தம் போடணுங்கீரு" என்று சொல்லி, டிராயரிலிருந்து செத்துப்போன அலாரம் டைம்பீஸின் சுருள்வில்லை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து துண்டு வெட்டிக் குறட்டால் வளைத்தேன். டப்பென்று ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு தங்க ஆசாரியிடம் போனேன். அவர் சிரித்துவிட்டார். ஊதுகுழலால் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டார். ஆறினதும் கம்பி மாதிரி வளைந்தது. பழைய வில்லின் இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்து அதே வளைவுக்குக் கொண்டுவந்தார். மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டார். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கும், தொட்டால் ஒடியும் என்றார். உப்புத்தாளில் தேய்த்து வெள்ளையாக்கி, பித்தளைப் பொடி பரப்பின தட்டில் வைத்து அடியில் மெல்லச் சூடு காட்டினார். "நெறத்தப் பாரும். வைக்கோல் நெறம் வரும், விட்டுரும். செம்பட்டையா வரும், விட்டுரும். கத்திரிப்பூ தாண்டி நீலம் வந்ததும் எடுத்துரணும்." நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மயில் கழுத்து நீலம் ஒரு நொடியில் ஓடி வந்தது. எடுத்துவிட்டார். அந்த வில் இன்றைக்கு வரை ஒடியவில்லை.

நாக்குக்குப் பழைய அரத்தில் ஒரு துண்டு வெட்டி இதே மாதிரி பதப்படுத்தலாம் என்று யோசிக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

வீரவநல்லூர் தூண்டில்:

அண்ணே, புதுசு செய்வதற்கு முன்னால் நாக்கைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா? துரைக்கு எப்போதும் ஒரே கை, அதனால் ஒரு பக்கம்தான் தேயும். முக்கோணம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மறுபக்கம் புத்தம்புதிதாக இருக்கும். நானும் இது தெரியாமல் லேத் பட்டறையில் முந்நூறு ரூபாய் அழுதேன்.

என்னிடம் இருப்பது ரெட்டிச் ஊர் ஜே. டபிள்யூ. யங் கம்பெனியின் பிரிடெக்ஸ். ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன ஊர் அது. சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கினேன். பாதத்தின் இரண்டு முனையையும் எவனோ அரத்தால் ராவி வைத்திருந்தான். தன் கம்பில் உட்காரவில்லை என்று ராவியிருப்பான். ராவின பாதத்துக்கு விலை பாதிதான். அதைக் காட்டித்தான் நானும் குறைத்துக் கேட்டேன்.

கைப்பிடி வெடித்துப் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் மரச் செப்பு கடையும் ஒருவரிடம் கொண்டுபோனேன். சின்னப் பிள்ளைகளுக்கு உரல், அம்மி, திருகை கடைந்து கொடுக்கிற கை. எங்கள் வீட்டில் உடைந்த ஈட்டி மர நாற்காலிக் காலைக் கொடுத்தேன். அளவுகோலே எடுக்கவில்லை. பழைய கைப்பிடியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார், கடைந்தார், அவ்வளவுதான். கடைசியில் சுற்றுகிற கட்டையில் அரக்கை வைத்து அழுத்தினார். சூட்டில் உருகி அப்படியே ஏறிக்கொண்டது. "செவப்பு வேணுமா பச்ச வேணுமா?" என்று வேறு கேட்டார். கறுப்பே போதும் என்றேன். பத்தே நிமிடம். ஆணி நுழைகிற துளை மட்டும் கொஞ்சம் இறுக்கம், வீட்டில் நான் தேய்த்துக்கொண்டேன்.

இன்னொன்று. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழியில் உறைந்து, பங்குனியில் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

பாளை திருப்புளி:

யங் ரீலோ ஹார்டியோ, பழைய பிரிட்டிஷ் ரீலின் திருகு தொலைந்தால் தயவுசெய்து கடையில் கிடைக்கிற மூணு எம்.எம். திருகைப் போட்டு முறுக்காதீர்கள். என் மச்சான் அப்படித்தான் ஒன்றைக் கெடுத்தான். அவர்கள் அதிகம் போட்டது பி.ஏ. மரை, அதாவது பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. 6 பி.ஏ. என்றால் குறுக்களவு 2.8 மில்லிமீட்டர், மரைக்கு மரை 0.53. நம்முடைய மூணு எம்.எம்.முக்கு 0.5. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சுற்று நன்றாக ஏறும், மூன்றாவது சுற்றில் அலுமினியத்தின் மரையைப் பிய்த்துவிடும்.

பி.ஏ. திருகுக்கு லண்டன் போக வேண்டாம். பழைய வால்வு ரேடியோவில் இருக்கும். எலக்ட்ரிக்கல் சாமான் விற்கும் பழைய கடைகளில் பித்தளையிலேயே கேட்கலாம். நான் ஜங்ஷன் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் பொறுக்கினேன். கழற்றும்போதும் திருப்புளியின் முனையைத் திருகின் வெட்டுக்குச் சரியாகச் சாணை பிடித்துக்கொள்ளுங்கள். வழுக்கிக் கீறின திருகுத் தலையைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசும்.

இன்னொரு ரீலின் ஸ்பூலை வாங்கி மாட்டலாம் என்றும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொன்றையும் கையால் ராவி ஜோடி சேர்த்தார்கள். ஒரே மாடல், ஒரே அளவு வாங்கினேன், விளிம்பு உரசுகிறது.

விக்கிரமசிங்கபுரத்துக்காரன்:

வீரவநல்லூர் தம்பி, நாக்கைத் திருப்பிப் போட்டேன். பேசிவிட்டது! அரம் தேடுகிற வேலை மிச்சம். திருப்பும்போது சட்டத்தின் உள்பக்கம் இரண்டு இங்கிலீஷ் எழுத்து குத்தியிருப்பதைப் பார்த்தேன். செய்த தொழிலாளியின் பெயரின் முதலெழுத்துகளாம். நம் வீட்டு அண்டாவில் வாங்கினவர் பெயர் இருக்கும், இதில் செய்தவர் பெயர்.

மலைக்கு மேலே புலிகள் காப்பகம், அங்கே தூண்டில் கூடாது. பாபநாசம் படித்துறை மீனுக்குப் பொரிதான் போட வேண்டும். அதனால் எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கினேன். கையளவு ஜிலேபி மீன் ஒன்று மாட்டியது. அதுவே நாலு முழம் இழுத்தது. கரையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னொருக்கா இழுக்கச் சொல்லுல" என்றார்.

ஸ்பூலைப் பூட்டுகிற தாழ்ப்பாளின் மூடியில் மட்டும் ஒரு திருகு இல்லை. பாளை அண்ணாச்சி, அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் இன்னும் இருக்கிறதா?