மடிக்கணினியோடு வரும் பயாஸைத் தூக்கிவிட்டு, திறந்த மூல ஃபர்ம்வேரான கோர்பூட் போட்ட அன்று உங்களுக்கு என்ன நடந்தது?

கிளிப்_நழுவியவன்:
திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினி. ஃபர்ம்வேர் இருக்கும் சிப் இரண்டு, மேலே 4 எம்பி, கீழே 8 எம்பி, உங்களுக்குத் தெரிந்ததுதான். சிப் கால்களில் கிளிப்பைக் கவ்வவைத்து, பேக்கப்புக்காக 8 எம்பியை ஒரே ஒரு முறை படித்தேன். படிக்கும் மென்பொருளான ஃபிளாஷ்ராம் குறை ஏதும் சொல்லவில்லை, கோப்பும் சரியாக 8 எம்பி இருந்தது. அப்புறம் என்ன, எழுதிவிட்டேன். நான் பில்டு செய்த ரோமில் டிஸ்கிரிப்டரும் (சிப்பில் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் வரைபடம்) எம்இயும் (இன்டெல் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் மேனேஜ்மென்ட் இன்ஜினின் ஃபர்ம்வேர்) சேர்க்கவே இல்லை என்பது பவர் பட்டனை அழுத்திய பிறகுதான் உறைத்தது. திரை கறுப்பு. சரி, பழையதையே திருப்பி எழுதுவோம் என்று பேக்கப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப். உருட்ட உருட்ட அதேதான், கடைசி பைட் வரை. சிப்பின் பெயரைக் கண்டுபிடித்த கையோடு கிளிப் நழுவியிருக்கிறது, நான் எட்டு எம்பி வெறுமையைப் பத்திரமாகச் சேமித்திருக்கிறேன்.

நண்பரிடம் அதே மாடல் இருந்தது. அவருடைய சிப்பிலிருந்து படித்த கோப்பை, அதாவது டம்பை, வாங்கி எழுதினேன், ஓடியது. எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்தது. டம்பில் இருந்த ஜிபிஇ பகுதியோடு (நெட்வொர்க் கார்டின் அமைப்புகள்) அவருடைய மேக் முகவரியும், அதாவது நெட்வொர்க்கில் மெஷினை அடையாளம் காட்டும் எண்ணும், என் மெஷினுக்கு வந்துவிட்டது. சில மாதம் கழித்து இருவரும் ஒரே சுவிட்சில் கேபிளைச் செருகினோம். அவருக்கு நெட் வரும், போகும். மூன்று கேபிள் மாற்றிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல் என் கேபிளை உருவினேன். "இப்ப வந்துருச்சுடா, கேபிள்தான் போல" என்றார். நானும் தலையாட்டினேன்.

மூணு_தடவை_படி:
என் கதை சின்னது. சிப்பில் எழுத வாங்கிய கருப்பு புரோகிராமர், 3.3 வோல்ட் வர வேண்டிய டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் விட்டது. எனக்குத் தெரியாது. சிப் மேல் விரலை வைத்தேன், வெடுக்கென்று எடுத்தேன். அந்தச் சூடு இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவருக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். மூன்று முறை படியுங்கள், மூன்றுக்கும் ஷா256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) போட்டு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனாலும் கோப்பைத் திறந்து பாருங்கள், மூன்றுமே எஃப்எஃப்பாக இருந்தால் ஷாவும் ஒத்துப்போகும்! ஒத்துப்போகாவிட்டால் முதலில் கம்பியைப் பாருங்கள், 10 செமீக்கு மேல் நீளம் வேண்டாம். சிப் கால்களைத் துடையுங்கள். பேட்டரி, சார்ஜர், மதர்போர்டின் நாணய பேட்டரி எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். மல்டிமீட்டரில் 3.3 வருகிறதா என்று, விநியோகக் காலில் மட்டுமல்ல, டேட்டா கால்களிலும் பாருங்கள். புதிய மெஷின்களில் 1.8 வோல்ட் சிப்பும் உண்டு, சிப்பின் முதுகில் உள்ள எண்ணைப் படிக்காமல் கையை வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், டிஸ்கிரிப்டர் சேர்க்காத பில்டு என்றால் 4 எம்பி சிப்பில் மட்டும் எழுதினால் போதும், 8ஐத் தொட்டிருக்கவே வேண்டாம்.

கிளிப்_நழுவியவன்:
இப்போது தெரியும் ஐயா.

அரைமணி:
அறிவுரை முடிந்திருந்தால் என்னுடையது. எக்ஸ்220. எம்இ என்ற பூதமே வேண்டாம் என்று அந்தப் பகுதி முழுவதையும் அழித்தேன். பூட் ஆனது. குதித்தேன். லினக்ஸ் ஏற்றி, வீடியோ அழைப்பில் நண்பர்களுக்கு "எம்இ இல்லாமலே ஓடுது பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தபோது படக்கென்று அணைந்தது. திரும்பப் போட்டேன். அரை மணி நேரத்தில் மறுபடியும். மூன்றாவது முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்: 28, 29, பொட்டென்று போனது. இந்தத் தலைமுறை சிப்செட்டில் சரியான எம்இ ஃபர்ம்வேர் இல்லையென்றால் 30 நிமிடம்தான் ஆயுள். பிறகு எம்இ_கிளீனர் என்ற கருவி வைத்து எம்இயைச் சுருக்கினேன், 100 கேபிக்கும் குறைவாக ஒரு வால் மட்டும் மிச்சம். அது நான் படிக்க முடியாத கோடு. ஆகவே கோர்பூட் போட்டால் மெஷின் முழுக்க நம்முடையது என்று யாரும் இங்கே பீற்ற வேண்டாம்.

எக்ஸ்200_விசுவாசி:
உங்கள் மெஷினுக்கு அது உண்மை. எக்ஸ்200இல் எம்இயை மொத்தமாக எடுத்துவிடலாம், அணையாது. கோர்பூட்டிலிருந்து பிறந்த லிப்ரேபூட் போட்டு நாள் முழுக்க ஓட்டுகிறேன். "யாரும்" என்று எழுதாதீர்கள்.

அரைமணி:
2008இல் வந்த மெஷினில் பிரவுசரில் எத்தனை டேப் திறப்பீர்கள்?

எக்ஸ்200_விசுவாசி:
நான்கு. போதும். புதுசுதான் எல்லாம் என்றால் கோர்பூட்டே பழசுதான். 1999இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிச் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கியது, 2008இல்தான் பெயர் மாறியது.

திருகாணி:
சண்டைக்கு நடுவே ஒன்று. என்னுடையது குரோம்புக், உள்ளே இருப்பது கோர்பூட்தான். டெவலப்பர் மோடில் லினக்ஸ் வைத்திருந்தேன். அப்பா திறந்தார். ஸ்பேஸை அழுத்து என்று திரை சொன்னது, அழுத்தினார். அடுத்து என்டரை அழுத்து என்றது, அதையும் அழுத்தினார். படித்துவிட்டுத்தானே அழுத்துகிறார், அவர் மேல் என்ன தப்பு? அது டெவலப்பர் மோடை விட்டு வெளியேறி எல்லாவற்றையும் அழிக்கும் வழி. நான் வந்தபோது எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. "ஏதோ கேட்டுச்சுப்பா, சரின்னு சொன்னேன்" என்றார். அன்றிரவே சிப்பில் எழுதவிடாமல் தடுக்கும் ரைட் புரொடெக்ட் திருகாணியைக் கழற்றி முழு ரோமையும் மாற்றினேன். திருகாணியை டேப் போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். அழிந்ததில் அம்மாவின் குரல் பதிவு இரண்டு இருந்ததை அப்பாவிடம் சொல்லவில்லை.

கிளிப்_நழுவியவன்:
நான் நண்பரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்த மூன்று கேபிளையும் அவர் தூக்கிப் போட்டுவிட்டார்.